பேட்டரி நல்லா இருக்கு, வண்டி மட்டும் எடுக்கல: யாரைக் கூப்பிடுவது?

மூன்று வருஷத்துக்கு முந்தின கார்த்திகை. விடிய விடிய மழை. காலை ஆறரைக்குக் கும்பகோணத்தில் முகூர்த்தம். நாலரைக்கே குளித்துக் கிளம்பி, காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் மறுபடியும் அதே 'டக்'. பேட்டரி மாற்றி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் தெருவையே எழுப்புகிறது. கோட்டூர் பக்கம் எங்கள் ஊருக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. பக்கத்து வீட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மன்னார்குடி வரைக்கும் நனைந்துகொண்டே போய், அங்கே பஸ் பிடித்து மண்டபம் சேர்ந்தபோது மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது.

அடுத்த நான்கு நாளில் அந்த வண்டியை மூன்று பேர் பார்த்தார்கள். முதலில் வந்தவர் பேட்டரிதான் என்று அடித்துச் சொன்னார். பேட்டரிக் கடையில் லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாமவர், என்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய் கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினார், 2,800 ரூபாய். மாட்டிவிட்டுத் திருப்பினால் அதே 'டக்'. மூன்றாவதாக வந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் பையிலிருந்து ஒரு ஜம்பர் கேபிளை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் கவ்வவிட்டு, "இப்ப அடிங்கண்ணே" என்றார். ஒரே சுற்றில் எடுத்துக்கொண்டது. பேட்டரி மைனஸிலிருந்து கியர்பாக்ஸில் வந்து சேரும் எர்த் வயரின் முனை, மேல் உறைக்குள்ளேயே பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. புது வயர் 350 ரூபாய்.

முதல் இரண்டு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். செல்ஃப் மோட்டார் பிரஷ் தேய்ந்தாலும் இதே 'டக்'தான் வரும், இரண்டாமவர் நினைத்தது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. தப்பு என்னுடையது. என்ன சத்தம் வந்தது, லைட் மங்கியதா இல்லையா என்று ஒன்றையும் கவனிக்காமல், "வண்டி எடுக்கல, வாங்க" என்று மட்டும் போன் போட்டேன். அப்படிக் கூப்பிட்டால் வருகிறவர் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் பார்ப்பார்.

நமக்கு உள்ள வழிகள் நான்கு. நாமே பத்து நிமிஷம் பார்ப்பது, ஆட்டோ எலக்ட்ரீசியனை வரச் சொல்வது, வழக்கமான மெக்கானிக்கை வரச் சொல்வது, வண்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவது. இவற்றில் எது உசத்தி என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த மாதிரி மக்கருக்கு எது என்று கேட்டால் உண்டு.

முதலில், பேட்டரி நிஜமாகவே நல்லா இருக்கிறதா?

லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது என்பதை வைத்துப் பேட்டரிக்குச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது 10 ஆம்பியர் சுமார்தான். செல்ஃப் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும், டீசல் என்றால் இன்னும் கூட. வாய்க்காலில் ஒரு சொம்பு தண்ணீர் மொள்ள முடிகிறது என்பதால் மடை பாயும் என்று சொல்ல முடியுமா?

500 ரூபாய்க்குள் கிடைக்கிற மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். இராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். அதைவிட முக்கியம், ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்ப்பது. 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து தடுமாறினால், எத்தனை மாதத்துப் பேட்டரியாக இருந்தாலும் அதன் மேல் சந்தேகம் வைக்கலாம். 12.5-லேயே அசையாமல் நின்றால் பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில் எங்கோ அடைபட்டிருக்கிறது. 10.5 வோல்ட்டுக்கு இறங்கியும் என்ஜின் சுற்றவில்லை என்றால், கரண்ட் போய்ச் சேர்கிறது, சுற்ற முடியாமல் ஏதோ பிடித்திருக்கிறது.

மீட்டர் இல்லையா, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் செத்துப்போகிற மாதிரி மங்கினால் பேட்டரியோ அதன் டெர்மினலோ. கொஞ்சமும் மங்காமல் நின்றால் செல்ஃபுக்குக் கரண்டே ஓடவில்லை. என் வண்டியில் அன்றைக்கு மங்கவே இல்லை. ஹெட்லைட்டின் எர்த் பாடியில், செல்ஃபின் எர்த் என்ஜினில். பாடிக்குப் போகும் வயர் நன்றாக இருந்தது, என்ஜினுக்குப் போவதுதான் அரித்திருந்தது. அந்த ஒரு சங்கதியைச் சொல்லியிருந்தால் 2,800 ரூபாய் மிச்சம்.

சத்தம் மூன்று வகை

ஒன்று, சத்தமே இல்லை. இரண்டு, 'டக்' என்றோ 'டகடகடக' என்றோ வருகிறது, ஆனால் என்ஜின் சுற்றவில்லை. மூன்று, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. இந்த மூன்றையும் "வண்டி எடுக்கல" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். மூன்றுக்கும் ஆள் வேறு.

சத்தமே இல்லாத வகையில் நாமே முடித்துவிடக்கூடியது நிறைய. கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகள் இப்போது அதிகம். மிதியடி விரிப்பு சுருண்டு பெடலுக்கு அடியில் போயிருந்தால் கூட எடுக்காது. ஆட்டோமேட்டிக் என்றால் கியரை 'என்'னில் (நியூட்ரல்) வைத்துப் பாருங்கள், 'பி' (பார்க்) நிலையின் சுவிட்ச் மட்டும் போயிருக்கலாம். ஃபியூஸ் பெட்டியில் செல்ஃப் ரிலேயும் (கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச்) ஹாரன் ரிலேயும் ஒரே மாதிரி, ஒரே எண்ணுடன் இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் வில்லை பேட்டரி தீர்ந்திருக்கும், சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலானவை எடுத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ வேகமாக மின்னுகிறதா? அது இம்மொபிலைசர், சாவியை அடையாளம் தெரியாவிட்டால் வண்டியை எடுக்கவிடாத திருட்டுத் தடுப்பு. இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது சாவி பெரும்பாலும் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும், கார் மட்டும் வேதாரண்யத்தில் நிற்கும்.

'டக்' வகைதான் நம் பகுதியில் அதிகம் என்பது என் அனுபவம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் ஈரம் காய்வதே இல்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக் காற்று வேறு. டெர்மினலை வெளியே வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டு, பார்க்கப் பளபளவென்று இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம். அரிப்பு இருப்பது கிளாம்பின் உள்பக்கத்திலும், கண்ணுக்குப் படாமல் கீழே போகும் எர்த் வயரின் முனையிலும். எனவே 'டக்' வந்தால் முதலில் டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் அதுதான். அசையவில்லை என்றால் அந்த எலக்ட்ரீசியன் செய்த கேபிள் வைத்தியம். பேட்டரி மைனஸிலிருந்து என்ஜினின் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்கு ஜம்பர் கேபிள். மைனஸிலிருந்து என்ஜினுக்கு மட்டும், பிளஸ் பக்கம் கையே வைக்காதீர்கள். மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் அதே இரண்டு இடத்திலும் முனைகளை வைத்துச் சாவியைத் திருப்பலாம். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

எர்த் சரி என்றால் செல்ஃப் மோட்டாரை மரக்கட்டையால் இரண்டு தட்டு தட்டிக்கொண்டே ஒருவர் சாவியைத் திருப்பட்டும். எடுத்துக்கொண்டால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இது அன்றைக்கு வீடு போய்ச் சேர மட்டும் உதவும், மறுநாள் மறுபடி மண்டபத்து வாசலில் நிற்கும்.

எலக்ட்ரீசியனா, மெக்கானிக்கா?

மேலே சொன்ன இரண்டு வகைக்கும், நமக்குப் பிடிபடவில்லை என்றால், நான் கூப்பிடுவது ஆட்டோ எலக்ட்ரீசியனை. மெக்கானிக் அப்புறம்தான். நம் ஊர்களில் பழக்கம் நேர் எதிர். வண்டி நின்றால் மெக்கானிக்குக்குத்தான் முதல் போன், அவர் பார்த்துவிட்டு "இது எலக்ட்ரீசியன் வேலை" என்று இரண்டாம் நாள் சொல்வார். அவர் சொன்னால் நல்ல மனுஷன். சொல்லாதவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்.

நல்ல எலக்ட்ரீசியனைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. வந்ததும் டெஸ்ட் லைட்டையோ மீட்டரையோ எடுக்கிறாரா, இல்லை ஸ்பேனரை எடுக்கிறாரா என்று பார்ப்பேன். ஓடும் வயரை அறுத்து முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுகிறவரிடம் எச்சரிக்கை வேண்டும். அந்த முறுக்கல் அடுத்த மழைக்கு இன்னொரு நோயைக் கொண்டுவரும். சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போடுகிறவர் கிடைத்தால் அவர் நம்பரை இரண்டு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கின் ராஜ்ஜியம் மூன்றாவது வகை: சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. அதிலும் டீசல் என்றால் அவர்தான். பம்பு செட்டுக்கு வாங்கி கேனில் வைத்த டீசலை வண்டிக்கும் ஊற்றுகிற வீடுகள் நம் பகுதியில் ஏராளம். கேனில் சேர்ந்த தண்ணீர் ஃபில்டருக்கு வரும். ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மேலே கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அமுக்கி, உள்ளே புகுந்த ஏரை (காற்றை) வெளியேற்ற வேண்டும். டேங்கை வறள ஓட்டியவர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிராக்டரிலும் பழைய ஜீப்பிலும் கை வந்த மெக்கானிக், நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி, செல்ஃபைச் சுற்றவிட்டு ஏர் எடுப்பார். அந்த என்ஜின்களுக்கு அது சரியான முறை. இப்போதைய டீசல் கார்களில் வரும் காமன் ரெயில் என்ஜினில் அதைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். அதனால் மெக்கானிக்கைக் கூப்பிடும்போதே, "இந்த மாடல் பார்ப்பீங்களா?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. டிராக்டர் என்றால் வேறு கதை. அதில் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, நேற்று ஓட்டியவர் நிறுத்த இழுத்த ஸ்டாப் நாப் இன்னும் வெளியேதான் நிற்கிறதா என்று. குறுவை நடவு அவசரத்தில் இதற்காகவே மெக்கானிக் வந்து, சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போனதுண்டு.

பெட்ரோல் வண்டியில் சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பிக் காதைத் தீட்டுங்கள். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு வினாடி 'ஙொய்' என்று பம்ப் ஓடும். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வயர், பம்ப் என்ற வரிசை. அதுவும் எலக்ட்ரீசியன் கைக்குத்தான் போகிறது. பம்ப் ஓடுகிறது, செல்ஃபும் சுற்றுகிறது, ஆனால் சுற்றும்போது ஆர்பிஎம் முள் துளிகூட அசையவில்லை என்றால் என்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரை நினைக்கலாம். சூடானால் நின்று, ஆறினால் எடுக்கும் வண்டிகளில் பல தடவை இதுதான் குற்றவாளி.

ஸ்கேனர் வாங்கலாமா?

காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டை (கோடு) படிக்கிற ஸ்கேனர், அதாவது போனோடு புளூடூத்தில் சேரும் ஓபிடி கருவி, இப்போது மல்டிமீட்டர் விலையை ஒட்டியே கிடைக்கிறது. மூன்றாவது வகைக்கு அது உபயோகம்தான். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் வட்டாரம் என்று தெரிந்துவிடும். ஆனால் அது காட்டுவது வட்டாரத்தை மட்டும். சென்சாரே போனதா, அதற்குப் போகும் வயரா என்று சொல்லாது. 'கோடு வந்துடுச்சு' என்று சென்சாரை வாங்கி மாட்டிவிட்டு, பழையபடி நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு வகைக்கு அது பெரும்பாலும் வாயே திறக்காது. அரித்துப்போன எர்த் வயருக்கு என்று ஒரு கோடு கிடையாது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மீட்டரை வாங்குங்கள்.

கம்பெனிக்குத் தூக்கிப் போவது எப்போது?

இம்மொபிலைசர் என்றால் வேறு வழி குறைவு. சாவியைப் புதிதாகப் பதிவு செய்ய அவர்களிடம்தான் முறையான கருவி இருக்கும். வாரண்டிக்குள் உள்ள வண்டி என்றாலும் அங்கேதான். வெளி ஆள் வயரில் கை வைத்த தடம் தெரிந்தால் மின்சாரப் பகுதிக்கு வாரண்டி மறுக்கப்பட வாய்ப்பு உண்டு. மற்றபடி பழைய வண்டிக்கு நான் அந்தப் பக்கம் போவதில்லை. பெரிய சர்வீஸ் சென்டர்கள் தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் என்று இருக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் 50 கிலோமீட்டருக்கு மேல். ரிகவரி வண்டிக்கே ஒரு தொகை, அதுவும் இரு பக்கமும் வாய்க்கால் உள்ள எங்கள் தெருவுக்குள் பிளாட்பெட் திரும்ப இடம் இல்லை, மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். அங்கே போனாலும் ஒரு முனை அரித்திருந்தால் முழு வயரிங் செட்டையே மாற்றச் சொல்வது நடக்கிறது. இன்சூரன்ஸில் சாலையோர உதவி சேர்த்திருந்தால் அந்த நம்பரை முதலில் கூப்பிடுங்கள், பணம் கட்டியாயிற்று அல்லவா.

கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்று தோன்றும். ஆட்டோமேட்டிக்கை அப்படி இழுத்தால் கியர்பாக்ஸ் போகும். மேனுவல் என்றாலும் என்ஜின் ஓடாத வண்டியில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். தள்ளி ஸ்டார்ட் செய்வது முதல் இரண்டு வகைக்கு, இம்மொபிலைசர் தகராறு இல்லாத மேனுவல் வண்டியாக இருந்தால், வீடு சேர ஒரு வழி. மூன்றாவது வகைக்கு அது நாலு பேருக்கு வேர்வை மட்டும். செல்ஃப் சுற்றியே எடுக்காத என்ஜின், தள்ளிச் சுற்றினால் மட்டும் எப்படி எடுக்கும்?

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். தேங்கிய தண்ணீருக்குள் போய் வண்டி நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் விடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போகும். என்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்க்காத சாதாரண பாலிசியில், அப்படிச் சுற்றிக் கெட்ட என்ஜினுக்குப் பணம் கிடைப்பதும் அரிது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளத்தில் நின்ற வண்டி பிளாட்பெட்டில்தான் போக வேண்டும், எவ்வளவு தூரமாக இருந்தாலும். கம்பெனியோ, நம்பிக்கையான மெக்கானிக்கோ, முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து நனைந்திருக்கிறதா என்று பார்க்கட்டும்.

சரி, போனில் என்ன சொல்வது? போன தை அறுப்பின்போது மச்சானின் பெட்ரோல் கார் எங்கள் வீட்டுக் களத்து ஓரம் நான்கு நாள் நின்றது. கிளம்பும் நேரத்தில் எடுக்கவில்லை. இந்த முறை நான் பொறுமையாகப் பார்த்துவிட்டு அதே எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். "செல்ஃப் நல்லா சுத்துது தம்பி. ஆன் பண்ணா பம்ப் சத்தம் வரல. ஃபியூஸ் பார்த்தேன், போகல. ரிலேயும் மாத்திப் போட்டுப் பார்த்தாச்சு."

அந்தப் பக்கம் ஒரு வினாடி அமைதி. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"பக்கத்துல வைக்கப்போர் இருக்காண்ணே?"

இருந்தது. வயல் அறுத்ததும் எலிகள் எங்கே போகும் என்பது எலிக்கிட்டி வைத்துப் பழகிய ஊரில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் வரும்போதே நாலு முழம் வயரும் சால்டர் கோலும் கொண்டுவந்திருந்தார். பின் சீட்டைத் தூக்கியதும் பம்ப்புக்குப் போகும் வயர் இரண்டு இடத்தில் கடிபட்டு, பக்கத்தில் வைக்கோல் கூடு ஒன்றும் இருந்தது. இருபது நிமிஷ வேலை.